இரண்டாவது பூட்டு

என் மகள் மின்கம்பத்தில் ஏறினால் எங்கள் வீட்டில் கரண்ட் போய்விடும். சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மின்விசிறி மெல்லச் சுற்றி நிற்கும். நான் காய் நறுக்கிக்கொண்டே, "மகாராணி ஏறிட்டாங்கப்பா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது பெரிய தெருவுக்குப் போகும் லைனில். எங்கள் வீட்டுக்கு வருவது பின்தெரு லைன். இரண்டும் ஒரே கம்பங்களில் மேலும் கீழுமாகப் போகின்றன என்பதைத் தவிர, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏதோ ராசி என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மின்சார ஆபீசில் லைன்மேனாகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு பெரும் புயல் அடித்தபோது, கூட வேலை பார்த்த ஒருவர் மின் கோபுரத்தின் மேலே பெல்ட் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் கீழே நின்று கத்தினார்கள். இவர் அந்தக் காற்றில் ஏறிப் போய், அந்த ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அப்போது யாரோ எடுத்த படம் இன்னும் ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. மாட்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் போட்டிருந்த ஹெல்மெட் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் போனதில்லை.

அந்தத் தைரியசாலியோடு குடும்பம் நடத்தியவள் நான். எனக்குத் தெரியும் அவருடைய தைரியத்தின் லட்சணம். எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். நடக்கக்கூடப் பழகாத வயதில், காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியமெல்லாம் முடிந்த கையோடு வேலைக்குப் போய்விட்டார். கல் நெஞ்சுக்காரன்டா என்று எல்லோரும் வியந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பிறந்த மகள் தூங்கும்போதெல்லாம் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் பார்த்தார். தாவணி போடும் வயதில் விரலை எடுத்துக்கொண்டார், வாசற்படியில் நின்று போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கினார். வெளியே யாருக்கும் இது தெரியாது. தெரியக் கூடாது என்பதில் அவர் படு கவனமாக இருந்தார்.

மகள் அப்பாவைப் போல லைன் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பரீட்சை எழுதினாள், தேறினாள், அதே ஆபீசில் முதல் பெண்ணாகச் சேர்ந்தாள். ஆபீசில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். புயலை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள்.

"பயம்னா என்னன்னு எங்க வீட்டுக்கே தெரியாதுங்க. என் பொண்ணு கம்பத்துல ஏறணும்னா, நானே ஏணியைப் பிடிப்பேன்" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. வீட்டுக்கு வந்த மனிதருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. தட்டை அப்படியே நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்த வேலையில் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தெருமுனையில் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கும். அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. கம்பத்தில் ஏறுகிறவர் தன் லைனின் கைப்பிடியை இறக்கி, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அவர் இறங்கி வந்து தன் கையால் திறக்கும்வரை, கடவுளே வந்தாலும் அந்த லைனில் கரண்ட் விட முடியாது. ஓர் ஆளுக்கு ஒரு பூட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் அடித்திருப்பார்கள். என் மகளுடையது பச்சை. ஆபீஸ் ஸ்டோரில் மாற்றுக்கு ஒன்று சேர்த்து ஜோடியாகக் கொடுத்தார்கள், ஒரே சாவி இரண்டுக்கும் பொருந்தும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு பூட்டும் ஒரு சாவியும் காணாமல் போய்விட்டன. அவள் வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். "விடு பாப்பா, ஒண்ணு போதும்" என்றார் அப்பா.

ஒரு நாள் காலை சைக்கிள் கடைப் பக்கம் போனேன். எதிரே அந்த இரும்புப் பெட்டி. என் வீட்டுக்காரர் அதன் முன் குனிந்து நின்றிருந்தார். பெரிய தெரு லைனில் மகளின் பச்சைப் பூட்டு ஏற்கெனவே தொங்கியது. இவர் பின்தெரு லைனின் கைப்பிடியை இறக்கி, அதிலும் ஒரு பச்சைப் பூட்டைப் போட்டார். தூரத்தில் கம்பத்தின் உச்சியில் என் மகள் பெல்ட்டில் சாய்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத்தான் திரும்பினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

"மேல இன்னொரு லைன் ஓடுதுல்ல. கை கொஞ்சம் நீண்டுட்டா?"

"அது எட்டாத உயரம்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பீங்க? நீங்க ஏறுறப்ப ஓடலையா?"

"அது நான்" என்றார். "இது அவ."

"அதுக்கு அவ பூட்டையே ஒளிச்சு வச்சீங்களா? உங்க பூட்டு எங்க போச்சு?"

"பூட்டு அவ உசுருக்குத்தானே போடுறோம். அவ பூட்டாதான் இருக்கணும்" என்றார், ஏதோ சட்டம் சொல்வது போல. யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். "புயலை யாருடி கேப்பான்? அவ இறங்குறதுக்குள்ள எடுத்துடுவேன்" என்று பெட்டிக் கதவைச் சாத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டால் ஆயிற்று, மனிதர் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பின்தெருவில் எங்களைத் தவிர வேறு வீடுகளும் இருக்கின்றன என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தையல்காரம்மா இருக்கிறாள். என் மகளின் யூனிஃபார்ம் பேன்ட்டை இடுப்புக்கும் உயரத்துக்கும் சரியாகப் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். "ஆம்பளை அளவுல தைச்சு அனுப்புறானுங்க, இதைப் போட்டு ஏறினா புள்ள தடுக்கி விழாதா?" என்று திட்டிக்கொண்டே தைப்பாள். அவள் வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போய், கட்டிலருகே ஒரு மெஷின் வைத்து மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் நிறுத்தப் போகிறார்கள் என்றால் ஆபீசிலிருந்து முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். அவள் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்துக்கொள்வாள். அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. சொல்லாமல் போகும் கரண்டை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மிச்சம் மீதி இருக்கும் சிலிண்டரை வைத்துச் சமாளித்திருக்கிறாள். எதனால் போகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு நாள் சிலிண்டர் காலி. நிரப்பக் கொடுத்திருந்தாள், சாயங்காலம்தான் வரும். மகள் பெரிய தெருவில் எரிந்துபோன இணைப்பை மாற்றப் போயிருந்தாள். விசிறி நின்றது. நான் வழக்கம் போல, "ஏறிட்டாங்கப்பா" என்றேன். தையல்காரம்மா வீட்டுத் தையல் மெஷினின் மோட்டார் சத்தமும் நின்றது. அதைக்கூடக் காதில் வாங்கினேன், வாங்கிக்கொண்டு காயை நறுக்கினேன். அப்புறம் அவள் தெருவில் ஓடும் சத்தம். அப்புறம் அலறல். நாங்கள் எல்லோரும் ஓடிப் போய் அவரைத் தூக்கி வண்டியில் போட்டோம். ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே போய்விட்டார். திரும்பி வந்தபோது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் நான் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தையல்காரம்மா சும்மா விடவில்லை, ஏன் விட வேண்டும்? அறிவிப்பு இல்லாமல் யார் நிறுத்தினார்கள் என்று ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணை வைத்தார்கள். சைக்கிள் கடைக்காரர் பார்த்ததைச் சொன்னார். பெட்டிக் கதவு காற்றில் திறந்துகொண்டதாம், மூடப் போனாராம், உள்ளே இரண்டு கைப்பிடியிலும் இரண்டு பச்சைப் பூட்டு. அவ்வளவுதான், பழி முழுக்க என் மகள் தலையில் விழுந்தது.

அதிகாரி கேட்டார்: "உன் பேர்ல ரெண்டு பூட்டு குடுத்திருக்கு. ரெண்டும் அங்க தொங்கியிருக்கு. என்ன சொல்றே?"

"சார், ஒண்ணு தொலைஞ்சு போச்சு சார். என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு."

தொலைந்த பூட்டு எப்படிப் பெட்டிக்கு நடந்து போகும்? தவறான லைனை முதலில் பூட்டியிருக்கிறாள், பிறகு சரியான லைனையும் பூட்டியிருக்கிறாள், முதலாவதை இறங்கும்வரை திறக்க மறந்திருக்கிறாள், இப்போது மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பெண்பிள்ளையைக் கம்பத்தில் ஏற்றினால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அந்த அறையில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் என்ற முறையில் அவரையும் கேட்டார்கள்.

"சின்னப் பொண்ணு சார். கவனக்குறைவா நடந்திருக்கலாம்" என்றிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொறித்துக்கொண்டிருந்த மனிதர், கேட்டு வாங்கி வயிறு நிறையச் சாப்பிட்டார். நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. கட்டின புருஷனைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

"நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன்.

"சொன்னா?"

"சொன்னா அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

"கிடைச்சா?" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "மறுபடி ஏறுவா. மழையில ஏறுவா, காத்துல ஏறுவா. என்னைக்காவது ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து நம்ம வாசல்ல நிப்பான். நான் எத்தனை வீட்டு வாசல்ல அப்படிப் போய் நின்னிருக்கேன் தெரியுமா? வேலை போனா போகட்டும். பேர் கெட்டாலும் கெடட்டும். உசுரோட வீட்டுல இருக்கால்ல? அது போதும் எனக்கு."

"ஒருத்தர் செத்திருக்காருங்க."

"அவர் எப்படியும்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து மென்று முழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் பெத்தவதானே. அவ ஏறணும்னு உனக்கு ஆசையா? மனசுல கை வச்சுச் சொல்லு" என்றார்.

அவள் வீட்டிலேயே, கண் முன்னாலேயே இருந்துவிடட்டும் என்று எனக்குள்ளும் ஒருத்தி கெஞ்சிக்கொண்டுதான் இருந்தாள். அவர் அந்த ஒருத்தியைச் சரியாகப் பிடித்துவிட்டார். அதனால்தான் எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் இரண்டு மடங்கு ஆயிற்று.

மகள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பூட்ஸைத் துடைப்பாள், வைப்பாள், மறுபடி எடுத்துத் துடைப்பாள். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலை தேநீர் கொண்டுபோன என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அம்மா, நான்தான் பூட்டியிருப்பேனோ?"

"என்னடி உளர்றே?"

"தொலைஞ்ச பூட்டு என் பையிலேயே எங்கயாவது கிடந்திருக்குமோ? அவசரத்துல அதை எடுத்து மாட்டிட்டேனோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். நான் மாட்டுற மாதிரியே கண்ணுல தெரியுதும்மா. அப்பாவே நடந்திருக்கலாம்னு சொல்றாரே. அப்பாவுக்குத் தெரியாததா?" அவள் உதடு கோணியது. "நான் அந்த மாமாவைக் கொன்னுட்டேனாம்மா? எழுதிக் குடுத்துடறேன். தையல் அக்கா கால்ல போய் விழுந்துடறேன். என்னால முடியல."

அதோடு எனக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தவள் வாயை மூடினாள். உயிரோடு இருக்கட்டும், இருக்கட்டும் என்று இவர் கட்டிக் காத்த பிள்ளை என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கூடத்துக்கு வந்து நாற்காலி போட்டு ஏறினேன். ஒளித்து வைக்க இந்த வீட்டில் யாரும் சந்தேகப்படாத இடம் ஒன்றுதான் இருந்தது. அலமாரியின் மேலிருந்த ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன். துணியில் சுற்றிய பச்சைப் பூட்டும் சாவியும் கையில் விழுந்தன.

பின்னாலேயே வந்த மகள் தன் சட்டைப் பையிலிருந்து தன் சாவியை எடுத்தாள். நான் பூட்டைப் பிடித்துக்கொண்டேன். சாவி திரும்பியது, பூட்டு திறந்தது. அவள் அதையும் என்னையும் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்த அவள் அப்பா எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"உனக்காகத்தான் பாப்பா" என்றார்.

"இல்லப்பா" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "உங்களுக்காக. நான் ராத்திரி பகலா என் மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன். நீங்க பக்கத்து ரூம்ல தூங்கினீங்க."

"நீ ஏறுறப்ப எனக்கு உடம்பெல்லாம்..."

"அதைச் சொல்லியிருக்கலாமேப்பா. பயமா இருக்கு, ஏறாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன். மேடையில ஏணியைப் பிடிப்பேன்னு சொன்னீங்க."

பூட்டை மேசை மேல் வைத்தாள். "ஆபீசுக்குத்தானே கிளம்பினீங்க. நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்கிறேன்."

அவர் பூட்டைப் பார்த்தார். கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். வாசலைப் பார்த்தார். பிறகு பொத்தான் பாதி போட்ட சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊர் பார்க்க அத்தனை காற்றில் ஏறியவரால் அந்த வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. இன்னொருத்தன் பெண்டாட்டி தாலியை நினைத்து அன்றைக்கு ஏறினார் என்றுதான் நான் இத்தனை காலம் பெருமைப்பட்டிருந்தேன். யாருக்குத் தெரியும், கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கப் பயந்துதான் ஏறினாரோ என்னவோ. பூட்டை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு நான் மகளோடு நடந்தேன்.

ஆபீசுக்குப் போகும் வழியில் முதலில் தையல்காரம்மா வீட்டுக்குப் போனோம். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்கும் தெரிவது சரியில்லை என்றாள் மகள். தையல்காரம்மா தையல் மெஷின் மேல் கையை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பூட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். விசாரணையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கும் இந்தப் பூட்டு விவகாரமெல்லாம் அத்துப்படி ஆகியிருந்தது.

"ஓர் ஆள் உசுருக்கு ஒரு பூட்டுன்னு சொன்னாங்க" என்றாள். "உங்க வீட்டுப் புள்ளைக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பூட்டு எங்கே அக்கா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. மகளைப் பார்த்து, "நீ போ கண்ணு, போய்ச் சொல்லு. உன் மேல எனக்குக் கோபம் இல்ல" என்றாள். என் பக்கம் பார்க்காமல் பூட்டை என் கையில் திணித்தாள். கரண்ட் போனதும் யார் ஏறியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லாமலே அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். இன்றுவரை அவள் எங்கள் வீட்டுத் துணியைத் தைப்பதில்லை.

அதிகாரியின் மேசையில் பூட்டை வைத்தோம். பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் ஊகிப்பதுதான். ஆபீஸ் வண்டியிலேயே வந்து அவரை அழைத்துப் போனார்கள், அவரும் எதையும் மறுக்கவில்லை. வேலை போனது, கேஸ் நடக்கிறது. சுவரிலிருந்த படத்தைக் கழற்றிவிட்டார்கள். அவர் தோளில் தூக்கி வந்தாரே, அந்த மனிதர்தான் ஏணி போட்டுக் கழற்றினாராம். மகளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் இந்த ஆபீஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரத்து ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள். காலைத் தொடவில்லை, சண்டையும் போடவில்லை. பக்கத்து வீட்டு மனிதரிடம் சொல்வது போல, "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குத் தினமும் போன் செய்கிறாள். வேலை முடிந்து இறங்கியதும்தான் செய்வாள். "இறங்கிட்டேம்மா" என்பாள். இவர் நாற்காலி நுனிக்கு வந்து என் முகத்தையே பார்ப்பார். நான், "அப்பாகிட்ட குடுக்கவா?" என்று கேட்பேன். "வேண்டாம்மா. இறங்கிட்டேன்னு மட்டும் சொல்லிடு" என்பாள். சொல்லிவிடுவேன். அவர் தலையாட்டுவார்.

இறங்கும்போது சொல்கிறவள் ஏறும்போது சொல்வதில்லை. அதனால் இவரைப் பொறுத்தவரை அவள் நாள் முழுக்கக் கம்பத்தின் மேல்தான் இருக்கிறாள். எந்த ஊர்க் கம்பம், எத்தனை லைன், யார் கீழே நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் இப்போதெல்லாம் கரண்ட் போவதே இல்லை. தையல்காரம்மாவின் தையல் மோட்டார் காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. இவர் கூடத்தில் உட்கார்ந்து தலைக்கு மேல் சுற்றும் விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "கரண்ட் இருக்கா?" என்று கேட்கிறார்.

"இருக்குங்க" என்கிறேன்.